சார்ஜெண்ட் தூங்கும் மாதங்கள்

ஹசிந்தா அக்காவின் வலது கையில் ஆள்காட்டி விரலின் நுனி கிடையாது. இறைச்சி அரைக்கும் மிஷினில் போய்விட்டது என்று ஊரில் சொல்லுவாள். அது பொய். அந்த விரல் போனதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நான். பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கடைக்குப் போய் ஒரு லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டினேன்.

என் பஞ்சர் கடைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கம்பி வேலி. எங்கள் ஊர் பாசோ ஒண்டோவில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். கோழி தாண்டாது, சத்தம் தாண்டும். அவள் புருஷன் தோரிபியோ நகராட்சிக் கசாப்புக்கூடத்தில் மாடு வெட்டுகிறவர். பிடரியில் ஒரே குத்து. காளை முட்டி மடங்கி விழுவதற்குள் கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகியிருப்பார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கத்தி இடுப்பை விட்டு இறங்காது. சாராயக் கடையில் வெளியே வந்திருக்கிறது, சீட்டாட்டத்தில் வந்திருக்கிறது, ஒருமுறை ஞானஸ்நான விருந்தில்கூட வந்து, கேக்குக்கு முன்னால் குழந்தையின் பெரியப்பனை வெட்டியிருக்கிறது.

எங்கள் ஊர்க்காரன் கசிமிரோவின் முகத்தைத் தோரிபியோ கிழித்தது குதிரைப் பந்தயத்தில். எந்தக் குதிரை முந்தியது என்று ஒரு பேச்சு. இரண்டாவது வார்த்தைக்குள் கசிமிரோவின் இடது காதடியிலிருந்து வாயோரம் வரை ஒரு கோடு விழுந்துவிட்டது. கன்னம் பிளந்து உள்ளே கடைவாய்ப் பல் தெரிந்ததை நானே பார்த்தேன். தையல் போட்டு ஆறிய பிறகும், குழலை வாயில் வைத்து மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சினால் அவனுக்கு ஓரமாக ஒழுகும். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் கொன்றவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். முகத்தில் கோடு போட்டவனை மன்னிக்க மாட்டார்கள்.

வீட்டுக்குள் தோரிபியோவுக்குக் கத்தி தேவைப்படவில்லை. கையும் பெல்ட்டும் போதும். சூப்பில் உப்பு குறைந்தால் அடி, தெருவில் யாரையாவது பார்த்துச் சிரித்தால் அடி, ஒன்றுமில்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பதற்காக அடி. அக்கா ஏழு மாசமாக இருந்தபோது அடுப்படியில் வைத்து வயிற்றில் உதைத்தார். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தையே தங்கவில்லை. அந்த அலறல் கேட்டபோது நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். எதிர்வீட்டுக்காரனும் வைத்தான். தெரு முழுக்க வைத்தோம். அந்த நேரத்தில் வெளியூர்க்காரன் எவனாவது வந்திருந்தால், இந்தத் தெருவில் எல்லாரும் பாட்டுப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பான்.

குழந்தை போன அடுத்த கோடையில்தான் அவளுக்கு அந்த உடும்பு கிடைத்தது. அடுப்புப் பூச மண் வேண்டும் என்று கறையான் புற்றை வெட்டப் போனாள். உள்ளே இருபது முட்டை. மண்வெட்டி பட்டுப் பத்தொன்பது நசுங்கிப் போக, ஒன்று தப்பியது. அதை மாவு டின்னில் வைத்து அடுப்புக்குப் பக்கத்தில் சூடு காட்டினாள். தலை மட்டும் கிளிப்பச்சையாக ஒரு குஞ்சு வெளியே வந்து, வந்த உடனே அவள் கட்டைவிரலைக் கவ்வியது. எங்கள் பக்கத்தில் இந்த உடும்பைத் தெகு என்போம். இரண்டே வருஷத்தில் அது கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்டு, வால் நுனி வரை என் இடுப்பு உயரத்துக்கு நீளமாகிவிட்டது. தொந்தியைத் தரையில் இழுத்துக்கொண்டு, தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி நீட்டி ஊரையே சந்தேகப்படுகிற மாதிரி நடக்கும். அதனால் பெயர் சார்ஜெண்ட்.

சும்மா சொல்லக்கூடாது, பயங்கரமான மிருகம். பெருச்சாளியைக் கவ்வினால் தலையை இரண்டு உதறு உதறும், எலும்பு நொறுங்குகிற சத்தம் என் கடை வரை கேட்கும். ஒரு விரியன் பாம்பை வாலால் அடித்து அடித்தே நசுக்கிவிட்டு, தலையிலிருந்து விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன். தோரிபியோவே அதன் பக்கத்தில் போகமாட்டார். ஆனால் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். அந்த வீட்டில் அவளைத் தொட்டும் வலிக்காத உயிர் அது ஒன்றுதான்.

பூமியின் தென்பாதியில் இருக்கிற எங்கள் ஊரில் ஏப்ரல் கடைசியில் குளிர் எட்டிப் பார்த்ததும் சார்ஜெண்ட் சாப்பாட்டை நிறுத்திவிடும். முட்டையை மூக்குக்கு நேரே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாயில் வைக்கோலைக் கவ்விக் கவ்விக் கொண்டுபோய்க் குழிக்குள் சேர்க்கும். ஒரு நாள் உள்ளே போய், வாசலை உள்பக்கமாக வைக்கோலால் அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். செப்டம்பரில் வெயில் ஏறுகிற வரைக்கும் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, மூச்சு இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் அப்படி அது வைக்கோல் சுமந்துகொண்டிருந்த வாரத்தில் தோரிபியோவின் தொடையில் ஒரு காளையின் கொம்பு இறங்கியது. காயம் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். காயத்துக்குத் துணி மாற்றும்போது அவர் காலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான், சுவரில் மாட்டியிருந்த இத்தாத்தி மாதாவின் படத்தைப் பார்த்து அவர் அழுதார்.

"மாதாவே, என்னப் பொழைக்க வையி. கத்தியத் தொடமாட்டேன். குடிக்கமாட்டேன். இவ மேல கை வெக்கமாட்டேன்."

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. நான்காம் நாள் பேரம் ஆரம்பித்தார். அன்றைக்கும் கால் என் மடியில்தான் இருந்தது.

"இந்தா ஹசிந்தா, வருஷம் பூராவும்னு நான் சொல்லலயே."

"பின்ன எத்தன நாளுன்னு சொன்னீங்க?"

"நாளு எதுவும் சொல்லல."

"சொல்லாம விட்டீங்கன்னா ஆயுசு பூராவும்னு மாதா எடுத்துக்குவா. எலாதியோவுக்கு என்ன ஆச்சு? நேந்துக்கிட்டத மீறுனான், முழங்கால் தண்ணியில முழுகிச் செத்தான். இப்பவே வாய் விட்டுச் சொல்லிருங்க."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சார்ஜெண்ட் ஒரு வாய் வைக்கோலோடு குழிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அந்தச் சனியன் தூங்குற வரைக்கும். அது எந்திரிச்சா நானும் எந்திரிச்சுருவேன். போதுமா?"

"மாதா படத்தப் பாத்துச் சொல்லுங்க. ரெமிஹியோ, நீயும் கேட்டுக்கோ."

சொன்னார். அதற்கு முந்தைய குளிர்காலங்களில் அது எங்கே இருந்தது, எத்தனை நாள் தூங்கியது என்றெல்லாம் அவர் கவனித்ததே இல்லை. இரண்டு மூன்று வாரம் என்று நினைத்திருப்பார். எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியும். அவள் முகத்தை நான் பார்த்தேன். ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான். வருஷா வருஷம் சார்ஜெண்ட் குழிக்குள் போன அன்றைக்குத் தோரிபியோ கத்திக்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, குழியின் வாசலிலேயே புதைப்பார். நாங்கள் வேலிக்கு மேல் நின்று பார்ப்போம். யாரும் சிரிக்கமாட்டோம். கசாப்புக்கூடத்தில் அந்த மாதங்களில் மாட்டைத் தொடாமல் தோலுக்கு உப்பு தடவுகிற வேலைக்குப் போய்விடுவார். முதல் வாரம் சாராயம் இல்லாமல் கை நடுங்கும், எதிரே வருகிற நாயைப் பார்த்துக் கத்துவார். ஆனால் கை ஓங்கமாட்டார். மாதாவைவிட அவருக்கு அந்த முழங்கால் தண்ணீர்மேல் பயம் அதிகம்.

அக்கா அந்த நான்கு மாசமும் வேறு ஆள். நாற்காலியைத் தெருவுக்கே கொண்டுவந்து போட்டு உட்காருவாள். உதட்டுக்குச் சாயம் பூசிக்கொள்வாள். பாடுவாள், குரல் கட்டைதான், ஆனால் பாடுவாள். உடைந்த பல் தெரியச் சிரிப்பாள். "ஏன் ரெமிஹியோ, டயர ஒட்டுற அழகப் பாத்தா நீ கல்யாணமே கட்டமாட்ட போலயே" என்று என்னைக் கிண்டல் செய்வாள். எல்லாரும் குளிரில் முடங்கிக் கிடக்கிற மாதங்கள் அவளுக்கு மட்டும் திருவிழா.

செப்டம்பரில் ஒரு காலையில் குழி வாசலில் வைக்கோல் அசையும். மண் அப்பிய மூக்கு வெளியே வரும். சார்ஜெண்ட் வெயிலில் உடம்பைப் பரப்பிக்கொண்டு, செத்ததா பிழைத்ததா என்று தனக்கே தெரியாத மாதிரிக் கிடக்கும். தோரிபியோ அதற்கு ஒரு பச்சை முட்டையைத் தன் கையாலேயே உருட்டிவிடுவார். அப்புறம் டின்னைத் தோண்டி எடுப்பார். அப்புறம் சாராயக் கடை. அந்தச் சாயங்காலமே நான்கு மாசம் அடக்கியதையெல்லாம் மொத்தமாக அவள்மேல் இறக்குவார். ஒரு வருஷம் கழுத்தெலும்பு முறிந்தது. ஒரு வருஷம் கொதிக்கிற கொழுப்புச் சட்டியில் அவள் முழங்கையை அழுத்தினார், அந்தத் தோல் இன்றைக்கும் சுருங்கித்தான் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு வசந்தம் அவள் அலறலோடுதான் வந்தது. நாங்கள் ரேடியோவோடு அதை வரவேற்றோம்.

அவள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. கொழுத்த உடும்பு அதிக நாள் தூங்கும் என்று கண்டுபிடித்தாள். மார்ச் மாசம் பூராவும் கோழித்தலை, ஈரல், முட்டை என்று சார்ஜெண்டுக்குத் திணிப்பாள். சட்டியில் கறி இருக்காது, உடும்பின் வாலடி மட்டும் உலக்கை மாதிரிப் பெருத்திருக்கும். வடக்கு வெயில் படுகிற இடத்தில் இருந்த குழியை மூடிவிட்டு, தெற்குச் சுவரோரம், தண்ணீர்த் தொட்டியின் ஈர நிழலில் புதுக் குழி வெட்டிக் கொடுத்தாள். ஆகஸ்டில் துணி துவைத்த தண்ணீரைக் குழிமேல் ஊற்றி, ஈர வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஓடு அடுக்கினாள். மண் சூடேறாமல் பார்த்துக்கொண்டாள். எல்லாம் சேர்த்து அவளுக்குக் கிடைத்தது பதினொரு நாள். வருஷத்துக்குப் பதினொரு நாள் அடி இல்லை. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். வாங்குகிறவளைக் கேட்டால் தெரியும் அது எவ்வளவு பெரிசு என்று.

ஒரு செப்டம்பரில் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏண்டி, ஆத்தங்கரைப் பக்கம் உடும்பு எல்லாம் வெளிய வந்து வெயில் காயுதாமே?"

"அதுங்க சாதா உடும்பு. நம்மது சார்ஜெண்டுல்ல? மேலிடத்து உத்தரவு வந்தாத்தான் எந்திரிக்கும்."

அவரே சிரித்துவிட்டார். அவர் சிரித்த அந்த நிமிஷத்தில் அவள் மடியில் கைவிரல்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன்.

எண்பத்தெட்டு ஜூலையில் வடக்குக் காற்று வந்தது. குளிர்காலத்தின் நடுவில் மூன்று நாள் அடுப்பு ஊதுகிற மாதிரிச் சுடுகாற்று. அந்தக் காற்று அடித்தால் எங்கள் ஊரில் ஆட்களுக்குப் புத்தி பிசகும். குதிரைகள் கடிக்கும், அண்ணன் தம்பி அடித்துக்கொள்வார்கள், போலீஸ்காரர்கள் ஸ்டேஷனை விட்டு வெளியே வரமாட்டார்கள். மூன்றாம் நாள் சுதந்திர தினம். காலையில் நான் வேலிப் பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி அடியில் ஓடு ஒன்று புரண்டது. சார்ஜெண்டின் தலை வெளியே வந்தது.

தோரிபியோ கசாப்புக்கூடத்திலிருந்து திரும்புகிற நேரம். தெருமுனையில் அவர் விசில் சத்தம்கூடக் கேட்டுவிட்டது. விழாவுக்குச் சோளமும் கறியும் கிண்டிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். உடும்பின் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளினாள். பசியும் கிறக்கமுமாக இருந்த மிருகத்துக்கு அவள் யாரென்று தெரியவில்லை. திரும்பி அவள் விரலைக் கவ்வி, பெருச்சாளியை உதறுகிற மாதிரி உதறியது. நறுக்கென்று ஒரு சத்தம். ரத்தம் தொட்டிச் சுவரில் அடித்தது. அவள் தன் தோளையே கடித்துக்கொண்டாள், கத்தவில்லை. விரல் நுனியை அதன் வாயிலேயே விட்டுவிட்டு, இடது கையால் தள்ளி, வைக்கோலை அடைத்து, ஓட்டை வைத்து, ஓட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கீழே அது முண்டியது. அவள் ஓட்டோடு சேர்ந்து அசைந்தாள். அப்போது என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

தோரிபியோ உள்ளே வந்தார். "என்னடி ரத்தம்?"

"அரைக்கிற மிஷின்ல விரல் போயிருச்சுங்க."

"கண்ணு எங்க இருந்துச்சு? ஏ ரெமிஹியோ, வண்டிய எடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

நான் வண்டியை எடுக்கும்போதே தெற்கிலிருந்து குளிர்காற்று திரும்பிவிட்டது. சாயங்காலம் உறைபனி. சார்ஜெண்ட் மறுபடி தூங்கிவிட்டது. அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்துதான் நான் அந்த லாரி டயரை ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடியது அவளுக்கு உதவியது அந்த ஒருமுறைதான். மற்றபடி என் மௌனமெல்லாம் அவருக்குத்தான் உதவியிருக்கிறது.

கசிமிரோவை மறந்துவிடவில்லை. அவன் ஆற்றில் சரக்குப் படகில் வேலைக்குப் போய்விட்டான். வருஷத்தில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாசம்தான் ஊருக்கு வருவான், ஆற்றில் தண்ணீர் வற்றுகிற காலம். அவன் வருகிற சமயமெல்லாம் தோரிபியோவின் கத்தி மண்ணுக்கடியில். மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறவன்மேல் கத்தி வைத்தால் வைத்தவனின் வம்சமே விளங்காது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் கசிமிரோ சாராயக் கடை வாசலில் உட்கார்ந்து, தோரிபியோ தெருவில் போகும்போதெல்லாம் கத்துவான்.

"என்ன தோரிபியோ, உன் சார்ஜெண்டு நல்லா கொறட்ட விடுதா? பாவாடைக்குள்ள ஒளிஞ்சவனப் பாத்திருக்கேன். உடும்புக் குழிக்குள்ள ஒளிஞ்சவன இப்பத்தான்டா பாக்குறேன்!"

தோரிபியோ பல்லைக் கடித்துக்கொண்டு போவார். ஆறு வருஷம் அப்படிப் போனார்.

தொண்ணூறு ஆகஸ்டில் கசிமிரோவுக்குப் பொறுமை போய்விட்டது. மத்தியானம் ஊரே சாப்பிட்டுக் கண்ணயர்கிற வேளை. ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் ஒரு வாளி நிறைய நெருப்புக் கங்கு. கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு வந்தான். அவன் இடுப்பில் கத்தி இருந்தது.

"தோரிபியோ! உன் உடும்ப எழுப்ப வந்திருக்கேன். அது எந்திரிச்சதும் உன் சாமானத் தோண்டி எடுத்துக்க. ரெண்டு பேரும் நேருக்கு நேர் நிப்போம்."

தோரிபியோ நாற்காலியில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். எழவில்லை.

"தானா எந்திரிச்சாத்தான் செல்லும்" என்றார்.

"கங்க உள்ள கொட்டுனா எந்த நாயும் தானா எந்திரிக்கும்."

"கொட்டிப் பாரு."

தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. அவர் கண் பளபளத்தது. வலது கை விரல்கள் முட்டியில் தாளம் போட்டன. தன்னை எழுப்பிவிட ஒருவன் வந்துவிட்டான் என்று அந்த மனுஷனுக்குச் சந்தோஷம். அப்போது எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பை எழுதினால் காகிதம் கருகிவிடும்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். கையெல்லாம் மரவள்ளி மாவு. குழிக்கு முன்னால் போய் நின்றாள்.

"கசிமிரோ, மண்வெட்டியக் கீழ போடு."

"ஒதுங்கு. இது ஆம்பளைங்க சமாச்சாரம்."

"பன்னெண்டு வருஷமா என் எலும்புல நடக்குற சமாச்சாரம்டா இது. கீழ போடு."

மண்வெட்டிக் காம்பால் அவள் வாயில் இடித்தான். அவள் தொட்டிச் சுவரில் மோதி விழுந்தாள். உதடு பிளந்து மாவெல்லாம் சிவப்பானது. தோரிபியோ நாற்காலியை விட்டு அசையவில்லை. கசிமிரோ ஓடுகளை உதைத்துத் தள்ளிவிட்டு முதல் வெட்டு வெட்டினான். டங் என்று பிஸ்கட் டின் மாட்டியது. அதைக் காலால் எட்டி உதைத்துவிட்டு, இரண்டாவது வெட்டுக்கு மண்வெட்டியைத் தலைக்குமேல் தூக்கினான்.

டின் உருண்டு வந்து அக்காவின் மடியருகே நின்றது.

அவள் மூடியைத் திறந்து எண்ணெய்த் துணியை உதறியதைப் பார்த்தேன். தோரிபியோவும் பார்த்தார்.

"ஹசிந்தா! அதத் தொடாத!"

"நேந்துக்கிட்டது நீங்க. நான் ஒண்ணும் நேந்துக்கல."

உட்கார்ந்த இடத்திலிருந்தே கசிமிரோவின் தொடையில் குத்தினாள். பிடி வரை இறங்கியது. அவன் மண்வெட்டியோடு சாய்ந்தான். இடுப்புக் கத்தியை எடுக்கப் போன அவன் கையில் மறுபடி குத்தினாள், உள்ளங்கை வழியாகக் கத்தி முனை வெளியே வந்தது. அவன் அலறினான். வாளி கவிழ்ந்து கங்கு சிதறி வைக்கோல் புகைந்தது. அவள் வெறுங்காலால் கங்கை மிதித்து அணைத்தாள், சூடு அவளுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. அவனை மூன்றாவதாகக் குத்த வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் ஓங்கினாள். ஓங்கிய கையோடு தலையைத் திருப்பித் தோரிபியோவைப் பார்த்தாள்.

நிறைய நேரம் பார்த்தாள். கத்தியிலிருந்து ரத்தம் அவள் முழங்கை வரை வழிந்து, அந்தச் சுருங்கிய தோலில் தேங்கிச் சொட்டியது. மாடுகளையும் மனுஷர்களையும் வெட்டிப் பழகிய அந்த ஆளின் நாற்காலிக் கால்கள் தரையில் தடதடவென்று ஆடுகிற சத்தத்தை நான் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டேன்.

"சார்ஜெண்டு தூங்குது. யாரும் எழுப்பக்கூடாது" என்றாள்.

பிறகு டின்னைக் குழி வாசலில் போட்டு, மண்ணைக் காலாலேயே தள்ளி மூடி, ஓடுகளைப் பழையபடி அடுக்கினாள். கசிமிரோவை என் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிழைத்தான், நொண்டினான். போலீசில் கேட்டதற்குத் தானே மண்வெட்டிமேல் விழுந்ததாகச் சொன்னான். ஒரு பெண்பிள்ளை கையால் குத்து வாங்கியதை எந்த வாயால் சொல்லுவான்? படகுக்குப் போனவன் திரும்பி ஊர்ப்பக்கமே வரவில்லை.

செப்டம்பர் வந்தது. சார்ஜெண்ட் எழவில்லை. அக்டோபரில் தெருவில் தார் உருகியது, எழவில்லை. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு விருந்து சாப்பிட்டோம், உடும்பு தூங்கிக்கொண்டிருந்தது. தோரிபியோ குடிக்கவில்லை, கத்தியைத் தொடவில்லை, கை ஓங்கவில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதானே, அது எழவில்லையே. அடுத்த வருஷமும் எழவில்லை. சாராயக் கடையில்கூட ஒருவன் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அக்கா வருஷம் பூராவும் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அப்படியே பதினொரு வருஷம். நாளாக அவள் திருடிய அதே பதினொன்று.

இரண்டாயிரத்து ஒன்றில், தோலுக்கு உப்பு தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே தோல் குவியல்மேல் சரிந்து செத்துப்போனார். பெட்டிக்குள் அவரைக் கிடத்திய காலையில் அக்கா வேலிக்கு வந்து என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாள்.

"ரெமிஹியோ, அந்தக் குழியத் தோண்டிக் குடு. அதையும் அவரோட சேத்து அனுப்பிரலாம்."

தோண்டினேன். மக்கிய வைக்கோலுக்குள் மாலை கோத்த மாதிரி முதுகெலும்பு, சுருண்டு படுத்த வாக்கில் அப்படியே இருந்தது. மண்டையோட்டில் பல் வரிசை சிதையவில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்தேன். எண்ணெய்த் துணி மட்டும் இருந்தது. கத்தி இல்லை.

எலும்புகளைத் துணியில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக அக்கா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த கத்தியை எனக்குத் தெரியும். தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்திருந்தது.

"எப்பக்கா செத்துச்சு?"

"கசிமிரோ வந்தானே, அந்த வருஷம் ஜூன்ல. எறும்பு வரிசையா குழிக்குள்ள போச்சு. கைய விட்டுப் பாத்தேன். கண்ணு இருந்த எடத்துல எறும்புதான் இருந்துச்சு. மூடி வெச்சிட்டேன்."

"தோரிபியோ அண்ணன் கடைசி வரைக்கும் தூங்குதுன்னே நம்புனாரா?"

"மாடு வெட்டுற மனுஷனுக்குப் பொணத்து வாசம் தெரியாமப் போகுமா?"

"தெரிஞ்சுமா..."

"ஒவ்வொரு செப்டம்பரும் இந்த வாசப்படியில வந்து நின்னு கேப்பாரு, எந்திரிச்சுருச்சான்னு. நான் இந்தக் கத்தியால கிழங்கு உரிச்சுக்கிட்டே இல்லீங்கன்னுவேன். சரின்னு போயி உக்காந்துக்குவாரு."

கிழங்கைத் துண்டு போட்டுச் சட்டியில் தள்ளினாள். நுனியில்லாத அந்த விரலால் கத்தியை வழித்துத் துடைத்தாள். வெளியே துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தெருவில் வேறு சத்தமே இல்லை. அவள் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஏன் ரெமிஹியோ, உன் வீட்டு ரேடியோ பாடல?"